கீசர் ஏன் அணைகிறது?

பாதிக் குளியலில் நின்றுபோகும் இயந்திரத்தைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுவதற்கு முன் ஒரு கேள்வி

டிசம்பர் பிறந்தால் வட இந்தியச் செய்திகளைத் தமிழாக்குகிறவர்களின் மேஜைக்கு ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். ஊரும் வயதும் மாறும். மற்றபடி விவரம் ஏறக்குறைய ஒன்றுதான். குளிக்கப் போனவர் வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. கதவை உடைத்தபோது ஷவரில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சில சமயம் ஒருவர், சில சமயம் புதிதாகக் கல்யாணமான தம்பதி, சில சமயம் தாயும் குழந்தையும். கடைசி வரியில் காரணம் இருக்கும்: கேஸ் கீசரிலிருந்து வாயு கசிந்தது.

இருபது வருடங்களாக மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அந்தக் 'கசிந்தது' என்ற சொல்தான் உறுத்தல். கசிவு என்றால் குழாயில் வெடிப்பு இருக்க வேண்டும், அல்லது ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தாமல் இருக்க வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பது அப்படியே வெளியே வருவதுதான் கசிவு. அதற்கு நம் மூக்கே காவல். எல்.பி.ஜி.க்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள்.

இந்தக் குளியலறை மரணங்களில் பெரும்பாலும் எதுவும் கசிவதில்லை. எரியும் வாயு, போதுமான ஆக்சிஜன் கிடைக்காமல், அரைகுறையாக எரிகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அது சிலிண்டரில் இருந்த பொருளே அல்ல. அதே அறையில், அதே நிமிடத்தில் உற்பத்தியான சரக்கு. நிறமில்லை, வாசனையில்லை. கண் எரியாது, தொண்டை கரகரக்காது. 'வாயு கசிவு' என்று செய்தியில் படித்த வாசகர் தன் வீட்டு ரப்பர் குழாயை முகர்ந்து பார்ப்பார். நாற்றம் இல்லை என்றதும் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போவார். ஒரு தவறான வினைச்சொல்லால் இவ்வளவு தூரம் போக முடியும்.

2023 ஜனவரி வரை இது எனக்கு அகராதி விவகாரமாக மட்டுமே இருந்தது. அந்த மாதம் டெல்லியில் குளிர் கொஞ்சம் கடுமை. 16ஆம் தேதி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 1.4 டிகிரி. பொங்கலுக்கு என்னோடு இருக்கலாம் என்று திருவாரூரிலிருந்து வந்த அம்மா, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, ஊரில் இதே நேரம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன் என்று தினமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. எவ்வளவு குளிரானாலும் காலையில் தலைக்குக் குளிக்காமல் காப்பி இறங்காது.

மயூர் விஹாரில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு எங்களுடையது. குளியலறையில் வீட்டுக்காரர் மாட்டி வைத்திருந்தது கேஸ் கீசர். சிலிண்டர் பக்கத்துப் பால்கனியில். சுவரில் துளைபோட்டு ரப்பர் குழாய். குழாயைத் திறந்தால் 'டக் டக்' என்று பொறி பறக்கும், குப்பென்று பற்றிக்கொள்ளும், சில நொடிகளில் வெந்நீர். கரண்ட் பில் ஏறாது, காத்திருக்கவும் வேண்டாம். டெல்லியின் நடுத்தர வர்க்கத்துக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அம்மா வந்த மூன்றாம் நாளிலிருந்து அது நின்று நின்று போக ஆரம்பித்தது. ஏழெட்டு நிமிடம் ஒழுங்காக எரியும். பிறகு அணைந்துவிடும். "ஏம்மா, மறுபடியும் பச்சத் தண்ணி வருது" என்று உள்ளேயிருந்து குரல். தலை நிறைய சீயக்காய். குழாயை மூடித் திறந்தால் பற்றும். ஆனால் இந்த முறை மூன்று நிமிடத்திலேயே அணையும். அடுத்த முறை அதுவும் இல்லை. நான் அடுப்பில் வெந்நீர் வைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி மர்மம் தீர்ந்துவிடும். உள்ளே நுழையும் தண்ணீர் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு நகர்ந்தால் ஒரு சிறிய சுவிட்ச் விழுகிறது. இரண்டு டார்ச் பேட்டரிகளிலிருந்து வரும் 3 வோல்ட் மின்சாரம் பொறியைக் கிளப்பி, கேஸ் வால்வைத் திறக்கிறது. பர்னருக்கு மேல் ஒரு மெல்லிய உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வேவுக்காரன். நெருப்பின் வழியாக மிகச் சிறிய அளவில் மின்சாரம் பாயும் என்ற குணத்தை வைத்து, தீ எரிகிறதா இல்லையா என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். 'இல்லை' என்றால் வால்வு உடனே மூடிக்கொள்ளும். எரியாத கேஸ் அறையில் நிறையாமல் இருக்க இந்த ஏற்பாடு. இதுபோக, தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் நிறுத்த ஒன்று. எரிந்த புகை வெளியேறாமல் திரும்பினால் நிறுத்த, மேலே புகைவாய் அருகில் பொத்தான் அளவில் ஒன்று. பெரும்பாலான மாடல்களில் 20 நிமிடமானால் தானாக அணைய ஒரு கடிகாரம். கணக்குப் பார்த்தால், பற்றவைக்க ஒரு வழி. அணைக்க ஐந்தாறு வழிகள். யோசித்துச் செய்தவர்கள் இந்த விகிதத்தை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டியதுதான். தமிழ் எம்.ஏ. வகுப்பில் பாடபேதம் பார்த்த பழக்கம் இங்கே உதவியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

முதலில் பேட்டரி. சக்தி குறைந்த பேட்டரியால் பொறி வரும், ஆனால் வால்வைப் பிடித்து வைத்திருக்கத் தெம்பு இருக்காது. புதிதாக இரண்டு போட்டேன். மாற்றமில்லை. அடுத்தது தண்ணீர். அழுத்தம் குறைந்தால் சவ்வு பின்வாங்கி கீசர் அணையும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடிக்காரர்களுக்கு இதுதான் வழக்கமான தொல்லை. டெல்லியின் உப்பு நீரில் நுழைவாய் வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, 15 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் நிறைந்தது. நிமிடத்துக்கு 5 லிட்டர், குறையில்லை.

மூன்றாவது சிலிண்டர். எல்.பி.ஜி. என்பது புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. புரொபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்கு ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி வேண்டும். ஆகவே கடுங்குளிரில், சிலிண்டர் தீரும் தறுவாயில், அழுத்தம் சோர்ந்துபோகும். சமையலறையிலிருந்து புது சிலிண்டரை உருட்டி வந்து மாட்டினேன். அதே ஏழெட்டு நிமிடம்.

நான்காவதாக அந்த வேவுக்காரக் கம்பி. அதன்மேல் கரியோ படிவமோ சேர்ந்தால் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே 'தீ இல்லை' என்று பொய் சொல்லும். இதற்குத்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இருபத்தைந்து வயதுப் பையன், கெட்டிக்காரன். பத்து நிமிடத்தில் மூடியைக் கழற்றி, கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, பர்னரின் துளைகளை பிரஷ்ஷால் துடைத்தான். எரியவைத்தோம். நீலமாக, அழகாக எரிந்தது. கதவு திறந்திருந்தது, நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், அணையவே இல்லை. அவன் காசை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலை அம்மா குளிக்கப் போய்க் கதவைச் சாத்திய எட்டாவது நிமிடத்தில் அணைந்தது.

மறுபடி வந்தவன் இந்த முறை அலுத்துக்கொண்டான். "மேடம், இந்த சென்சார்தான் தகராறு. டைரக்ட் பண்ணிவிடுகிறேன், பிறகு நிற்கவே நிற்காது" என்றான் இந்தியில். டைரக்ட் என்றால்? புகைவாய்ப் பக்கம் இருக்கும் அந்தப் பொத்தான் சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் வெட்டி, ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றிவிடுவது. சூடு ஏறினாலும் ஏறாவிட்டாலும் கீசர் கவலைப்படாது. ஐம்பது ரூபாய் வேலை. "இந்த பிளாக்கிலேயே நாலு வீட்டுக்குப் பண்ணிக் கொடுத்திருக்கேன். ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது."

அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: நிற்கக்கூடாது. அதைத்தான் அவன் விற்கிறான். ஏன் நிற்கிறது என்று கேட்டு யாரும் பணம் கொடுப்பதில்லை.

ஆனால் முந்தைய நாள் பார்த்தது என் மனதில் இருந்தது. கதவு திறந்திருந்தபோது அணையவில்லை. அவனை உட்காரவைத்துவிட்டு, கீசரை ஓடவிட்டு, உள்ளே யாரும் இல்லாமல் கதவைச் சாத்தினேன். கையில் கடிகாரம். ஆறாவது நிமிடத்தில் கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தபோது நீலத் தீயின் நுனி மஞ்சளாகி, பர்னரை விட்டு எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. எட்டாவது நிமிடத்தில் 'டக்'. கதவைத் திறந்து வைத்துக் காற்றாடவிட்டு, மீண்டும் எரியவைத்தோம். இருபது நிமிடம் அசையாமல் எரிந்து, கடிகாரம்தான் நிறுத்தியது. பழுது பெட்டிக்குள் இல்லை, அறைக்குள் இருந்தது.

அண்ணாந்து பார்த்தோம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்க வேண்டிய வட்டமான துளையில் ஒரு பிளைவுட் பலகை அடித்து, மேலே வெள்ளையும் பூசியிருந்தது. எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்களின் கைங்கரியம். டெல்லியில் புறாக்களுடன் வாழ்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்காக, தன் பங்குக்கு, ஜன்னல் இடுக்கில் அம்மா பழைய துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தார். கீசருக்குப் புகைக்குழாய் வைக்கவே இல்லை. எரிந்த புகை எல்லாம் அறைக்குள்ளேயே தங்கியாக வேண்டும்.

அன்று மாலை ஒரு கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற சுமார் 10 கிலோவாட் வெப்பம் தேவை. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர்கள் நான்கைந்தை ஒன்றாக எரித்தால் வரும் வெப்பம் இது. மணிக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ கேஸ் செலவாகும். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுமையாக எரிய 12, 13 கன மீட்டர் காற்று வேண்டும். எங்கள் குளியலறை ஏழடிக்கு ஐந்தடி. மொத்தக் காற்றே எட்டுக் கன மீட்டர் சொச்சம். புதிய காற்று வராவிட்டால், எட்டு நிமிடத்தில் அறைக் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இந்தத் தீ தின்றுவிடும். இருபது நிமிடத்தில் பாதியை. அதே காற்றைத்தான் அம்மாவும் சுவாசித்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் குறையக் குறையத் தீ முழுமையாக எரியாது. எரியாத பங்கு கார்பன் மோனாக்சைடாகும். எட்டாவது நிமிடத்தில் அணைந்ததற்குப் பெயர் பழுது என்றால், அந்தப் பழுதுதான் தினமும் காலையில் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. மூன்று நாட்களாகக் குளித்துவிட்டு வந்ததும் அம்மா தலை கிறுகிறுக்கிறது என்று சொல்லி, பால்கனியில் போய் நின்றுகொண்டிருந்தார். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றும், பிரஷர் மாத்திரை மாறிவிட்டதோ என்றும் அவருக்குச் சந்தேகம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்திருக்கிறார்: 98. ஒன்றுமில்லை என்று கழற்றி வைத்துவிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் குணம் கார்பன் மோனாக்சைடுக்கு உண்டு. அதனால்தான் சிறிய அளவே போதும். அப்படிப் பற்றிக்கொண்ட ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் வீட்டில் வைத்திருக்கும் ஆக்சிமீட்டரால் வித்தியாசம் காண முடியாது. இரண்டும் அதற்கு ஒன்றே. மூச்சுத் திணறுகிறவருக்கும் அது 98 காட்டும். உண்மையை அறிய ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சிகிச்சை, உடனே வெளிக்காற்று. பிறகு மருத்துவமனையில் முழு ஆக்சிஜன். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும்; முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுவது. இவ்வளவுதான் முன்னறிவிப்பு. இதை யாரும் குளிர், பித்தம், பசி என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்த கட்டத்தில் ஆபத்து புரிந்தாலும் தாழ்ப்பாளைத் திறக்கக் கை எழும்பாது. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். குளியலறையில் மயங்கி விழுந்தவர்களை வலிப்பு நோயாளிகள் என்று நினைத்துவிடும் வாய்ப்பு இருப்பதால், வீட்டில் எந்தக் கீசர் என்று கேளுங்கள் என்பது அவர்கள் சக மருத்துவர்களுக்குச் சொல்லும் யோசனை.

இது ஏழை நாட்டின் அரைகுறைச் சாதனங்களால் வரும் வினை என்று நினைக்க வேண்டாம். டொராண்டோவில் இருக்கும் என் தம்பியிடம் போனில் இதைச் சொன்னபோது, "எங்க வீட்டுல ஃபர்னஸே நின்னு நின்னு போச்சு, அக்கா" என்றான். அங்கே முழு வீட்டையும் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் அடித்தளத்தில் இருக்கும். வெளியே மைனஸ் 20, வீட்டுக்குள் குழந்தைகள். அங்கேயும் விசாரணை இதே வரிசைதான். தீயை உணரும் கம்பியில் படிவம் இருக்கிறதா? காற்று வடிகட்டி அடைத்து, சூடு மீறி நிற்கிறதா? கடைசியில் வந்த டெக்னீஷியன் உள்ளே எதையும் தொடவில்லையாம். வெளிச் சுவருக்குப் போய், புகை வெளியேறும் பிளாஸ்டிக் குழாயின் வாயை மூடியிருந்த பனியைக் கையால் தள்ளினாராம். அவ்வளவுதான். புகை போக வழியில்லை என்று தெரிந்ததும் அழுத்தத்தை உணரும் சுவிட்ச் ஃபர்னஸைப் பற்றவைக்க மறுத்திருக்கிறது. அவனுக்குப் பனி, எனக்குப் புறா.

அதே ஒன்டாரியோ மாநிலத்தில், உட்ஸ்டாக் என்ற ஊரில் 2008இல் லாரி ஹாக்கின்ஸ் என்ற பெண் போலீஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு குழந்தைகளும் சொந்த வீட்டில் இறந்துபோனார்கள். கேஸ் கணப்பின் புகைவழி அடைத்திருந்தது. கார்பன் மோனாக்சைடை உணர்ந்து அலறும் சிறு கருவி அந்த வீட்டில் இருக்கவில்லை. உறவினர்கள் ஓயாமல் போராடியதில் 2013இல் அங்கே சட்டம் வந்தது. எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அந்தக் கருவி இருந்தாக வேண்டும். அதற்கும் நூறு வருடங்களுக்கு முன்னால், 1902 செப்டம்பரில், பாரிஸில் எமிலி ஜோலா இறந்ததும் இதே வாயுவால்தான். அடைபட்ட புகைபோக்கி. மனைவி பிழைத்துக்கொண்டார், நாவலாசிரியர் விடியலைப் பார்க்கவில்லை.

நம்மவர்களுக்கும் கணப்பு புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், வாடைக் குளிரில் மக்கள் குளிர்ந்த நீரைத் தொடாமல், அகன்ற வாயுள்ள 'தடவு' என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் காட்சி வருகிறது. தடவு என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது, பொருள் ஒழியவில்லை. வட இந்தியாவில் அதுவே அங்கீட்டி. அறைக்குள் கரி அங்கீட்டியை வைத்து, கதவு ஜன்னலை இறுகச் சாத்திப் படுத்து, காலையில் எழாதவர்கள் பற்றிய செய்தியும் ஒவ்வொரு ஜனவரியிலும் வருகிறது. காவலாளிகள், லாரி ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள். அங்கே நின்றுபோகும் சுவிட்ச் கூடக் கிடையாது. காற்று நுழையும் பழைய வீட்டுக்குள் பிழைத்தவர்களின் வழக்கத்தை, காற்றுப் புகாத கான்கிரீட் பெட்டிக்குள் கொண்டுவந்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் செய்தது சுருக்கமாக: பிளைவுட்டைப் பெயர்த்தோம். அம்மாவின் துண்டு வெளியே வந்தது. கீசரைக் குளியலறையிலிருந்து கழற்றி, திறந்த பால்கனியில் சிலிண்டருக்கு எட்டத்தில் மாட்டி, வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரும்படி செய்தான் அந்தப் பையன். பொத்தான் சுவிட்ச் அதன் இடத்திலேயே இருந்தது. வீட்டுக்காரர் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ள வேண்டியவர் என்பது என் கருத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கினோம். நம் வீடுகளில் அதைப் பார்ப்பது அரிது. இதன் பிறகு கீசர் ஒரு தடவைகூட நடுவில் நிற்கவில்லை. அம்மாவின் கிறுகிறுப்பும் போயிற்று. "பனியில்ல பாரு" என்றார், தான் முதலிலிருந்தே அப்படித்தான் சொன்னது போல.

மிஞ்சியிருந்தது அந்த நாலு வீடு. எந்த வீடுகள் என்று சொல்ல மெக்கானிக் பையன் தயங்கினான். நான்தான் செய்தேன் என்று தெரிந்தால் வாடிக்கை போய்விடும் என்றான். அவன் பயம் நியாயமானது. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். குடியிருப்புச் சங்கத்தின் பெயரில் நான் இந்தியில் ஒரு நோட்டீஸ் எழுதி லிஃப்டில் ஒட்டுவது, அவன் 'இலவச சர்வீஸ்' என்று அந்த நாலு வீட்டுக்கும் போவது, துணைக்கு நானும்.

நோட்டீஸ் எழுத ஒரு மாலை பிடித்தது. சங்கச் செயலாளர் 'கேஸ் கசிவு குறித்து எச்சரிக்கையாக இருங்கள்' என்று தொடங்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். 'விஷவாயு' என்று போடலாமா என்றார். அது போபாலை ஞாபகப்படுத்தும். எங்கோ தொழிற்சாலையிலிருந்து வருவது என்று நினைப்பார்கள். வேதியியல் பெயரைப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். முடிவில் மூன்று வாக்கியங்கள் நின்றன: கீசர் எரியும்போது உண்டாகும் இந்தப் புகைக்கு வாசனை வராது. கீசர் தானாக அணைந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அணைவதைத் தடுக்காதீர்கள், வெளியே வந்து ஜன்னலைத் திறங்கள். முதல் வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டோம்.

மூன்று வீடுகளில் சிரமம் இருக்கவில்லை. ஒயரைப் பிரித்து, சுவிட்சைப் பழையபடி இணைத்தான். நான்காவது வீட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். நோட்டீஸை முழுக்கப் படித்திருந்தார். "ஒரு வருடமாக ஒரு தடவைகூட நின்றதில்லை. நன்றாக ஓடுவதை எதற்குக் கெடுக்க வந்திருக்கிறீர்கள்?" என்றார். நான் கணக்கைச் சொன்னேன், கன மீட்டரைச் சொன்னேன், உட்ஸ்டாக்கைச் சொன்னேன். அசையவில்லை. பின்னால் அவருடைய மனைவி, குளித்த ஈரத் தலையைத் துவட்டியபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "குளித்தால் உங்களுக்குத் தலை வலிக்குமா?" என்று அவரிடம் கேட்டேன். கணவரைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

ஒயரைத் தொட அவர் கடைசிவரை விடவில்லை. எக்ஸாஸ்ட் துளையில் அடித்திருந்த பலகையை மட்டும் எடுக்க ஒத்துக்கொண்டார். அதுவும் புறா நுழையாதபடி கம்பிவலை அடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. வலைக்கும் ஆணிக்கும் 180 ரூபாய் ஆயிற்று. நானே கொடுத்தேன். ரசீது வேண்டுமா என்று கேட்டான் பையன்.